கொடுத்த கணக்கும் சேர்ந்த கணக்கும்

வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். கணக்குப் பார்ப்பதற்குரிய நாளும் அதுவே. இருபத்தைந்து ஆண்டுகளில் திரட்டிய பொருள் எவ்வளவு, செலவிட்ட பொருள் எவ்வளவு என்பதைப் பொருளாளர் படித்துவிடுவார். தணிக்கையாளரின் கையொப்பமும் அதன் கீழே இருக்கும். ஆனால், அச்செலவினால் எத்தனை பிள்ளைகள் கல்வியில் நிலைத்தனர், எத்தனை பேர் இடையில் நின்றனர், நின்றவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர் என்னும் வினாக்களுக்கு வரவு செலவுப் புத்தகத்தில் விடை கிடைக்காது. முன்னதைக் கொடுத்த கணக்கு என்றும் பின்னதைச் சேர்ந்த கணக்கு என்றும் சொல்லலாம்.

ஒரு செயலைத் தொடங்குமுன் அதனால் அழிவது யாது, ஆவது யாது, பின்னர் வரும் ஊதியம் யாது என்று எண்ணிப் பார்க்குமாறு வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். இக்காலத்து அரசுகளும் பொதுநல அமைப்புகளும் இதனையே திட்ட மதிப்பீடு என்று வழங்குகின்றன. நம் மக்களின் பெயரால் தீட்டப்பட்ட திட்டங்கள் பல. அவை நம் மக்களைச் சென்று சேர்ந்தனவா என்று பார்த்தவர் யார், எப்படிப் பார்த்தனர், பார்த்ததனால் விளைந்தது என்ன என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

செங்கற்பட்டில் எழுதப்பட்ட அறிக்கை

சென்னை மாகாணத்தில் நம் மக்களின் வாழ்நிலையை ஆராய்ந்து அரசுக்கு எழுதப்பட்ட அறிக்கைகளுள் முதன்மையானதாக மதிக்கப்படுவது, செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையாகும். தரிசு நிலம் வேண்டுவோர் தர்க்காஸ்து மனுச் செய்து பெறலாம் என்பது அரசின் விதி. ஆனால் செங்கற்பட்டுப் பகுதியில் மிராசுதாரர்களுக்கு அதில் முன்னுரிமை இருந்தது. நிலம் கேட்டு மனுச் செய்யும் உழைப்பாளியின் குடிசை நின்ற மனையும் மிராசுதாரர் உரிமை கொண்டாடிய இடமாகவே இருந்தது. மனுச் செய்தவன் மறுநாள் தன் வீட்டில் இருக்க முடியுமா என்பதே ஐயம். ஆகவே, ஏட்டில் எல்லார்க்கும் திறந்திருந்த கதவு, உழுதவனுக்கு நடைமுறையில் அடைத்தே கிடந்தது. விதி என்ன சொல்கிறது என்று பாராமல், விதி எவரைச் சென்று சேர்ந்தது என்று பார்த்ததே அவ்வறிக்கையின் சிறப்பு.

அதன் பயனாக 1892-ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதுவே. முதற் பத்தாண்டுகளில் எவருக்கும் விற்கலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்னும் நிபந்தனைகளும் இத்தகைய நிலங்களுக்கு விதிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் நம் மக்களும் வாய் மூடி இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி, நம் குறைகளை நம் குரலிலேயே நாட்டுக்கு அறிவித்தார்.

ஆயினும், ஒதுக்கிய நிலத்தைப் பதிவேட்டில் எழுதியவர்கள், அந்நிலம் பத்தாண்டு, இருபதாண்டு கழித்து யார் கையில் இருக்கிறது என்று தொடர்ந்து எழுதி வரவில்லை. கடனுக்கும் மிரட்டலுக்கும் ஆட்பட்டு நிலங்கள் கைமாறின. நூறாண்டு கடந்தபின், 1994 அக்டோபர் 10-ஆம் நாள், காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். அறிக்கை எழுதப்பட்ட அதே மாவட்டத்தில் இது நடந்தது. தொடர்ந்து பார்க்கப்படாத திட்டத்துக்கு மக்கள் கொடுக்க நேர்ந்த விலை இது.

நூற்றுக்குப் பதினெட்டு

அடுத்து நாம் காண வேண்டியது பம்பாய் மாகாணம். 1927-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், அம்மாகாணச் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின் மீது புதிய நியமன உறுப்பினர் ஒருவர் பேசினார். அவர் அண்ணல் அம்பேத்கர். கல்விக்கு இத்தனை ரூபாய் ஒதுக்கினோம், இத்தனை பள்ளிகளைத் திறந்தோம், இத்தனை பிள்ளைகளைச் சேர்த்தோம் என்று அரசு கூறிக்கொண்டிருந்தது. அம்பேத்கர் வேறொரு வினாவை எழுப்பினார். தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் நான்காம் வகுப்பை எட்டுவோர் எத்தனை பேர்? அரசின் புள்ளிகளைக் கொண்டே அவர் விடையும் சொன்னார்: பதினெட்டுப் பேர். மீதமுள்ள எண்பத்திரண்டு பேரும் எழுத்தறியாமைக்கே திரும்புகின்றனர். ஒரு பிள்ளை எழுத்தறிந்து, அவ்வறிவு வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் வண்ணம் பள்ளியை விட்டு வெளியேறுவதே தொடக்கக் கல்வியின் நோக்கம் என்றால், அந்த எண்பத்திரண்டு பேருக்காகச் செலவிட்ட பணம் நோக்கத்தைச் சேரவில்லை என்பது அவர் வாதம்.

அப்பேச்சில் அவர் மேலும் இரண்டு ஒப்பீடுகளைச் செய்தார். மாகாணத்தில் தலைக்குப் பதினான்கு அணா கல்விக்குச் செலவாகிறது. ஆனால் அதே மக்களிடமிருந்து மதுவரியாகத் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் பெறப்படுகிறது. வாங்குவதற்கேற்பக் கொடுப்பது இல்லை என்பது ஒன்று. மற்றொன்று வகுப்புகளின் வரிசை. மக்கள்தொகையில் இரண்டாம் இடத்திலிருந்த பிற்பட்ட வகுப்பினர், தொடக்கக் கல்வி, உயர்நிலைக் கல்வி, கல்லூரிக் கல்வி மூன்றிலும் நான்காம் இடத்திலேயே, அதாவது கடைசியிலேயே நின்றனர். மக்கள்தொகையில் நான்காம் இடத்திலிருந்த முன்னேறிய இந்துக்களோ கல்லூரிக் கல்வியில் முதலிடத்தில் இருந்தனர். சராசரிக் கணக்கு ஒன்றை மட்டும் சொன்னால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். வகுப்பு வாரியாகப் பிரித்துச் சொன்னால்தான் எவருடைய பங்கு எவரிடம் சென்றது என்பது புலப்படும்.

அடுத்த ஆண்டு, 1928 மே மாதத்தில், சைமன் குழுவுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி நிலை பற்றி விரிவான அறிக்கை ஒன்று அளிக்கப்பட்டது. அளித்த அமைப்பு, அம்பேத்கர் 1924-இல் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை. அப்போது அச்சபைக்கு வயது நான்கு. சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதியை நடத்திக்கொண்டே, அரசின் கல்விக் கொள்கையை அரசின் புள்ளிகளாலேயே எடைபோடும் ஆற்றலையும் அச்சபை பெற்றிருந்தது. விடுதியில் சோறு போடுவதோடு தன் கடமை முடிந்தது என்று அது கருதவில்லை. நம் கல்விக் கழகங்கள் யாவும் மனத்தில் இருத்த வேண்டிய முன்மாதிரி இதுவாகும். பின்னர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்திலேயே, 1944-இல், பட்டியல் சாதி மாணவர்க்கான மெட்ரிக்குப் பிந்திய உதவித்தொகை தொடங்கிற்று. புள்ளிகளைக் கொண்டு வாதாடியவர், அதிகாரம் கைக்கு வந்தபோது எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார்.

மதிப்பீட்டுக்கென ஒரு நிறுவனம்

விடுதலைக்குப் பின் 1952 அக்டோபர் 2-ஆம் நாள், 55 திட்டப் பகுதிகளில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதே மாதத்தில் திட்டக் குழுவின் கீழ்த் திட்ட மதிப்பீட்டு நிறுவனமும் அமைந்தது. பேராசிரியர் டி.ஜி. கார்வே அதன் முதல் இயக்குநர். திட்டத்தை நடத்துவோர் வேறு, திட்டத்தை மதிப்பிடுவோர் வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்து வைத்தது அறிவுடைய செயல். தான் சமைத்த உணவுக்குத் தானே சான்று வழங்குவது எவருக்கும் எளிது.

தோண்டிய கிணறு, போட்ட சாலை, வெட்டிய எருக்குழி எல்லாம் எண்ணப்பட்டன. ஆனால் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கைகள், பயன்கள் எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டவில்லை என்பதை எடுத்துக் காட்டின. உழவர்க்கும் உழவரல்லாதார்க்கும் இடையிலும், உழவருள்ளேயே பெருநிலக்காரர்க்கும் சிறுநிலக்காரர்க்கும் இடையிலும் வேறுபாடு இருந்தது. சமூகவியல் அறிஞர் எஸ்.சி. துபே உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் இத்திட்டத்தை ஆராய்ந்து 1958-இல் நூல் வெளியிட்டார். சிரமதானம் என்ற பெயரில் நடந்த சாலைப் பணியில் மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்த உழைப்பாளர்கள். வசதியுடையோர் மேற்பார்வை பார்த்தனர். போட்ட சாலையில் ஓடியதோ வண்டி மாடு வைத்திருந்தவர்களின் வண்டி. மண் சுமந்தவனுக்கு வண்டியும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. 'இத்தனை கல் நீளச் சாலை போடப்பட்டது' என்ற புள்ளி முற்றிலும் உண்மை. ஆயினும் அந்த உண்மைக்குள் மண் சுமந்தவனின் இழப்புக்கு இடமில்லை.

1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு இத்திட்டத்தை ஆராய்ந்து, மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறையைப் பரிந்துரைத்தது. மக்கள் பங்கு பெறாத திட்டம் வேரூன்றாது என்னும் முடிவு சரியே. ஆனால் ஊரில் எவர் கை ஓங்கியிருக்கிறதோ அவர் கையிலேயே பஞ்சாயத்தும் சேரும் என்பதை நம் மக்கள் தம் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

இளையபெருமாள் குழு

பாதிக்கப்பட்ட மக்களிலிருந்து வந்த ஒருவர் தலைமையில் நாடு தழுவிய ஆய்வு நடந்தால் எத்தகைய வேறுபாடு தோன்றும் என்பதற்கு எல். இளையபெருமாள் குழு சான்றாகும். காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த அவர் 1952-இல் அமைந்த முதல் மக்களவையிலேயே உறுப்பினராக இருந்தவர். 1965-இல் அவர் தலைமையில் தீண்டாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி வளர்ச்சி ஆகியவற்றை ஆராய மத்திய அரசு குழு அமைத்தது. 1955-ஆம் ஆண்டிலேயே தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்திருந்தது. சட்டம் இருக்கிறது என்று அரசு சொல்லிற்று. குழுவோ கிணறு, கோயில், தேநீர்க் கடை, பள்ளி ஆகிய இடங்களில் தீண்டாமை போயிற்றா என்று பார்த்தது. போகவில்லை என்று எழுதியது.

1969 சனவரி 30-ஆம் நாளைக் கொண்ட அவ்வறிக்கைக்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான், 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில் நம் மக்கள் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். அறிக்கை கூறியவை வெறும் எழுத்தல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கோயில்களில் பரம்பரை அர்ச்சகர் முறை பற்றி அக்குழு கூறிய கருத்து, தமிழ்நாட்டில் அம்முறையை நீக்கிய 1971-ஆம் ஆண்டின் சட்டத்துக்குத் துணை நின்றது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் புதுப் பெயருடன் 1976 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அறிக்கைக்கும் திருத்தத்துக்கும் இடையே ஏழாண்டுக்கு மேல் ஓடிற்று. மதிப்பீடு எவ்வளவு நேர்மையாக இருப்பினும், அதன் மேல் என்று, எவர், என்ன செய்வது என்னும் கட்டாயம் இல்லையேல் அது அலமாரியில் உறங்கும் என்பதையும் இவ்வரலாறு காட்டுகின்றது.

காகிதத்தில் எழுதப்பட்ட பங்கு

1979-இல் சிறப்புக் கூறு திட்டம் என்னும் முறை தோன்றியது. உள்துறை அமைச்சகத்தில் பணியாற்றிய பி.எஸ். கிருஷ்ணன் இதன் சிற்பிகளுள் தலையாயவர். பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கு ஒவ்வொரு துறையின் திட்ட நிதியிலிருந்தும் அவர்களுக்கென ஒதுக்கப்படல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல கொள்கை. ஆனால் அதனை அளந்த முறையில் ஓட்டை விழுந்தது. நம் மக்களுக்கென்று தனியே ஒன்றும் செய்யாமல், ஊர் முழுவதற்குமான சாலைக்கும் மின்பாதைக்கும் ஆன செலவில் ஒரு பங்கை எடுத்து, 'இது பட்டியல் சாதியினர்க்கு ஆன செலவு' என்று எழுதிக் காட்டும் வழக்கம் பல துறைகளில் புகுந்தது. விழுக்காடு நிறைந்தது, சேரி அப்படியே இருந்தது.

செலவை அளவுகோலாகக் கொண்டால், செலவைக் காட்டுவதே திறமையாகிவிடும். இதனை மாற்றவே ஆந்திரப் பிரதேசமும் கருநாடகமும் 2013-இலும், தமிழ்நாடு 2024-இலும் இந்நிதிக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றின. இதற்கிடையே 2015-இல் திட்டக் குழுவின் இடத்தை நிதி ஆயோக் பெற்றது. 2017-18 நிதிநிலை அறிக்கை முதல் மத்திய அரசில் திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பிரிவே இல்லாமற் போயிற்று. பெயர்களும் தலைப்புகளும் மாறும்போதெல்லாம் நம் பங்கைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நம்மையே சாரும்.

ஊர் நடுவே படிக்கப்பட்ட கணக்கு

இவ்வரலாற்றில் பெரிய திருப்பம் இராசத்தானத்தில் நிகழ்ந்தது. அங்கே 1990-இல் உழைப்பாளர்களும் சிறு உழவர்களும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் அமைப்பை நிறுவினர். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதனை உருவாக்கியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் அவ்வமைப்பு முதல் மக்கள் விசாரணையைக் கூட்டியது. முறை மிக எளியது. அரசுப் பணிகளுக்கான வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் பெற்று, ஊரார் நடுவே உரத்துப் படித்தனர். இன்னார் இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு கூலி பெற்றார் என்று படித்தபோது, அந்த இன்னார் எழுந்து, 'நான் அந்த வேலைக்கே போகவில்லை' என்றார். இத்தகைய கூட்டங்களில் இறந்தவர் பெயரில் எழுதிய கூலியும், கட்டாத கட்டடத்துக்கு எழுதிய செலவும் வெளியாயின.

பட்டம் பெற்ற ஆய்வாளர் கண்டறிய இயலாததை எழுத்தறியாத கூலியாள் ஒரே சொல்லில் கண்டறிந்தார். ஏனெனில் சேர்ந்ததா, சேரவில்லையா என்பதற்கு நேர்ச் சான்று அவரே. இவ்வியக்கம் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி வகுத்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டமும் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. அதுகாறும் கருணையாகக் கருதப்பட்ட ஒன்று உரிமையாயிற்று.

அவ்வுரிமையின் பயனை 2010-இல் நாடு கண்டது. தில்லியில் பட்டியல் சாதியினர் துணைத் திட்டத்துக்குரிய பணம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிச் செலவுகளுக்குத் திருப்பப்பட்டது, தகவல் அறியும் சட்டத்தின் வழியே வெளிவந்தது. அறுநூறு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை அவ்வாறு சென்றதை மத்திய உள்துறை அமைச்சர் மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கேட்டிராவிட்டால் அதுவும் நம் நலனுக்கான செலவாகவே ஏட்டில் இருந்திருக்கும்.

நம் கையிலுள்ள அளவுகோல்

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பன சில. கொடுத்ததை எண்ணுவதோடு நில்லாமல் சேர்ந்ததை எண்ணுதல் வேண்டும். சராசரியைப் பிரித்து, யாருக்கு எவ்வளவு என்று பார்த்தல் வேண்டும். ஒரு முறை பார்த்து விட்டுவிடாமல் ஆண்டுதோறும் தொடர்தல் வேண்டும். பயன் பெற வேண்டியவரே மதிப்பிடுவோருள் ஒருவராக இருத்தல் வேண்டும். முடிவைச் செயலாக்க நாளும் ஆளும் குறித்தல் வேண்டும்.

அரசிடம் இவ்வளவையும் கேட்கும் நாம், நம் அமைப்புகளிடமும் அவற்றைக் கேட்டாக வேண்டும். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை வைக்கும் பள்ளிகள் சில, தேற மாட்டார் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துவிடுவதை நாம் அறிவோம். அந்தப் பலகையில் பொய் ஒன்றும் இல்லை. கழிக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் அதில் இடமில்லை. அப்படிக் கழிக்கப்படும் பிள்ளை பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை இவ்விழா மலரைப் படிப்பவர்க்கு விளக்க வேண்டியதில்லை. நம் கழகங்களும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் தேர்ந்து உதவினால், நம் தேர்ச்சி விழுக்காடும் உயரும். நாம் தோன்றிய நோக்கமோ தாழும்.

ஆதலின், நம் இளைஞர்கள் ஒரு பணியை மேற்கொள்ளலாம். கழகத்தின் உதவி பெற்ற பிள்ளைகளின் பெயர்களைச் சேர்ந்த ஆண்டு வாரியாக எழுதுக. ஆணும் பெண்ணும் தனித்தனியே எழுதுக. முடித்தவர் எவர், நின்றவர் எவர், இன்று என்ன செய்கின்றனர் என்று வீடு வீடாகச் சென்று கேட்டு நிரப்புக. முடித்தவரைக் காட்டிலும் நின்றவரிடமே அதிக நேரம் அமர்ந்து கேளுங்கள். கட்டணமா, பசியா, ஆசிரியரின் சொல்லா, வயலில் ஆள் தேவையா, திருமணமா, எது அவர்களை நிறுத்திற்று என்பதை அவர்களே சொல்வர். கேட்டவற்றை ஆண்டுப் பொதுக்குழுவில், உதவி பெற்ற பிள்ளைகளும் தாய்மாரும் இருக்கும் அவையில், உரத்துப் படியுங்கள். அடுத்த ஆண்டு எதை மாற்றுவது, அதனை யார் பார்ப்பது என்று அங்கேயே தீர்மானம் செய்யுங்கள். இதற்கு வேண்டியவை ஒரு குறிப்பேடும், சில மாலைப் பொழுதுகளும், மெய்யைக் கேட்கும் மனமுமே.

எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடா. முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதிய தாயின் முகத்தை எந்தப் பட்டியலிலும் ஏற்ற முடியாது. ஆயினும் எண்ணாமல் விட்டவர்கள் மறக்கப்படுவர் என்பதே நாம் இதுவரை கண்டது. 1927-இல் அண்ணல் எண்ணிச் சொன்ன அந்த எண்பத்திரண்டு பிள்ளைகளின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. நம் கழகத்தின் பொன்விழா மலரில், முடித்தவர் பெயரோடு இடையில் நின்றவர் பெயரும், அவரை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வந்த கதையும் இடம்பெறுமாயின், நம் கொடுத்த கணக்கும் சேர்ந்த கணக்கும் ஒன்றாயின என்று நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.